நம்ப மோட்டர்

பெரிய மோட்டர் சைக்கிளை எஸ்டேட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்த அன்று என் கூட்டாளி சொன்ன முதல் வார்த்தை, "நம்ப மோட்டர்டா" என்பதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். ரெம்பாவ் பக்கம் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, செனாவாங்கில் ஒரே தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தவர்கள் நாங்கள். "நம்ப" என்றதும் நான் உருகிவிட்டேன்.

அவன் காசில் கைமாறி வந்த வண்டிதான், ஆனாலும் ராஜா. நான்கு சிலிண்டர். முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இரு பக்கமும் பூட்டுப்போட்ட பெட்டி, பின்னால் உட்காருபவனுக்கும் அகலமான சீட். நெடுஞ்சாலையில் நூற்றிருபதில் போனாலும் கைப்பிடி நடுங்காது. செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முந்தும்போதுகூட அசையாது. எங்கள் செம்மண் பாதையில் மட்டும் சினை எருமை மாதிரி திணறும். இரண்டு முறை சாய்ந்தது. இரண்டு முறையும் மூச்சைப் பிடித்து நிமிர்த்தியவன் நான். செயினில் அப்பிய மண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தவனும் நான்தான்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போவதாகப் பேச்சு. போகும்போது அவன் ஓட்டுவது, வரும்போது நான். பெரிய சாலையில் அதை நான் ஓட்டியதே இல்லை. அதற்காகவே தீபாவளியன்று வேலைக்குப் போய் மாற்று லீவு வாங்கி வைத்தேன். அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

புறப்படுவதற்கு முந்தின மாலை அவன் வீட்டுக்குப் போனேன். பாரோயிலிருந்து வந்த யாரோ ஒருவர், தோல் ஜாக்கெட்டோடு, நான் துடைத்து வைத்த சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் அவருடைய பை.

"நாளைக்கு நான்தானேடா வர்றேன்?"

பெட்டியைப் பூட்டிக்கொண்டே கூட்டாளி சொன்னான். "கோவிச்சுக்காத லா. அண்ணனுக்குக் கோலாலம்பூர்ல பெரிய மோட்டர்காரங்க நெறைய பழக்கம். எல்லாம் சேர்ந்து போறோம். எங்க மோட்டர்ல ரெண்டு பேருதானே ஏற முடியும்."

எங்க. அந்த ஒரு சொல்லில் என்னை இறக்கிவிட்டான். துரோகி என்று நினைத்தேன். தைப்பூசம் முழுக்க லீவில் வீட்டில் கிடந்தேன்.

அடுத்த வாரம் வாசலில் அதே எஞ்சின் சத்தம்.

"டேய், நம்ப மோட்டருக்குச் செயின் லூசாயிருச்சு. கொஞ்சம் பாரு லா."

"எது, உங்க மோட்டரா?" என்றேன்.

அவனுக்குப் புரியவே இல்லை. "ஆமாடா, நம்ப மோட்டர்தான்" என்று சாவியை நீட்டினான்.