பனமலை ஏரியில் அறுத்த வலை

"…ஒண்ணும் பண்ண மாட்டேன், மத்த ரெண்டு பேரையும் உட்டுர்றேன். அறுத்தவன் எவன்னு மட்டும் சொல்லுங்கடா," என்றார் மீன்காரர்.

லாரி டியூப்மேல் பலகை கட்டி அதில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் மூங்கில் கழி, மறு கையில் அறுந்த வலையின் முனை. எதிரே, காற்றடைத்த ரப்பர் படகில் நாங்கள் மூன்று பேர். அறுத்தவன் நான். கத்தி என் தொடைக்கடியில்தான் இருந்தது.

நாங்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வருஷ மழையில் செஞ்சியைச் சுற்றி இருக்கிற ஏரியெல்லாம் நிரம்பி வழிந்து கோடி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒருவன் சொந்த மினி வேன் ஓட்டுகிறான். இருவருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறவன் நான். கடைக்காரன் ஆன்லைனில் ரப்பர் படகு ஒன்றை வரவழைத்துவிட்டான். மூன்று நாள் லீவு போடுவது, ஏரி ஏரியாகப் போய் மிதப்பது, கோழி வாங்கி ஆக்கித் தின்பது, வேனிலேயே படுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

"டேய், இது போட்டு இல்ல, மெதக்குற சோபா," என்றான் கடைக்காரன், காலால் பம்பை மிதித்துக்கொண்டே.

"எங்க மாமியா ஊட்டுக் கட்டிலு இதவிட ஸ்டெடியா இருக்கும்," என்றான் வேன்காரன்.

அவன் அப்படித்தான். வாயைத் திறந்தால் ஒன்று சிரிப்பு வரும், இல்லையென்றால் சண்டை வரும். அதைக் கேட்பதற்காகவே அவன் டம்ளரில் நான் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவேன்.

முதல் நாள் அனந்தபுரம் பக்கம் ஒரு ஏரியில் மிதந்தோம். மதியம் வரைக்கும் துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. கடைக்காரனுக்கு நீச்சல் தெரியாது. படகின் ஓரக் கயிற்றை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. ஆனாலும் அவன்தான் அதிகம் சிரித்தான்.

இரண்டாம் நாள் காலையில் பனமலை. கோயில் மலையின் நிழல் இன்னும் தண்ணீரில் கிடந்தது. ஏரிக்கு நடுவே காலி வாட்டர் பாட்டில்கள் மிதந்தன. எங்கள் ஊர்க்காரனுக்குக் காலி பாட்டில் என்றால் குப்பைதான். செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படியெல்லாம் எறிந்துவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்த கண் வேறெப்படி நினைக்கும்?

"பாரு, கோயிலுக்கு வந்த ஜனம் பண்ணியிருக்கிற அநியாயத்த," என்றேன். நல்ல காரியம் செய்கிற நினைப்பில் ஒவ்வொன்றாக எடுத்துப் படகுக்குள் போட்டேன். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு நூல் வந்தது. வெங்காயம் நறுக்குகிற கத்தியால் அறுத்துக்கொண்டே போனேன். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் துடுப்பில் என்னவோ மாட்டி இழுத்தது. கண்ணுக்கே தெரியாத நைலான் நரம்பு வலை. அதையும் இரண்டாக அறுத்தேன். பாட்டில்கள் வலையைத் தூக்கிப் பிடிக்கக் கட்டியவை என்பது அப்போதுதான் புரிந்தது. கரையிலிருந்து டியூபும் வந்துவிட்டது.

அறுத்தவன் எவன் என்று அவர் கேட்டபோது பாட்டில் குவியல் எங்கள் காலடியில்தான் கிடந்தது. நான் கத்தியைத் தொடைக்கடியில் தள்ளினேன். வேன்காரன்தான் வாயைத் திறந்தான்.

"இன்னா பெருசு, ஏரி உங்க நைனா வெட்டுனதா? ஒரு வலைக்கு இந்தக் குதி குதிக்கிற?"

"ஏரி என்துல்லடா. வலை என்துடா! அஞ்சு வருசம் வறண்டு கெடந்து இந்த வருசம்தான்டா தண்ணிய கண்ணால பாத்தோம்!" என்றவர் இடுப்பிலிருந்த கத்தியை உருவினார். எங்களைக் குத்தவில்லை. படகின் பக்கவாட்டில் ஒரே இழுப்பு. புஸ்ஸென்று காற்று வெளியேறியது. ஒரு பக்கம் தொய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. கடைக்காரன் வீறிட்டுக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

வேன்காரன் அலுமினியத் துடுப்பைச் சுழற்றி அவர் வாயில் விட்டான். பல் உடைகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். தாடையிலிருந்து ரத்தம் நெஞ்சில் வழிய, அவர் கத்தியை இடுப்பில் செருகிவிட்டுக் கழியை இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினார். முதல் அடி வேன்காரன் தோளில், இரண்டாவது அடி புருவத்தில். புருவம் பிளந்து கண்ணை மூடிக்கொண்டது. அந்தக் கண்ணோடேயே வேன்காரன் அவர்மேல் பாய்ந்தான். டியூப் கவிழ்ந்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

மீன்காரர் மேலே வந்தார். வேன்காரன் வரவில்லை.

வலை கட்டின இடத்தில் நின்றிருந்தால் இழுத்துப் பிடித்தபடி இருந்திருக்கும். நான் அறுத்துவிட்டதால் அது தண்ணீருக்கடியில் முந்தானை மாதிரி அலைந்துகொண்டிருந்தது. அதற்குள் அவன் கால் போயிருந்தது. உதைக்க உதைக்க இன்னும் சுற்றியது. ஒரு கை மட்டும் மேலே வந்து தண்ணீரை அறைந்தது. பிறகு அதுவும் இல்லை.

நான் தொய்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் கடைக்காரனோடு, கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

மீன்காரர் ரத்தத்தைத் துப்பினார். குமிழி வந்த இடத்தைப் பார்த்தார். இடுப்புக் கத்தியை உருவிப் பல்லுக்கிடையில் கவ்வப் போய், உடைந்த பல்லில் பட்டு முனகினார். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு முங்கினார். அவன் அகப்படாமல் மேலே வந்து மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முங்கினார். இந்தத் தடவை வேன்காரனின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அவன் காலில் அறுபட்ட வலை கொத்தாகத் தொங்கியது. டியூபில் அவனைக் குறுக்கே போட்டு, மிதந்த கழியையும் எடுத்து வைத்து, காலை உதைத்துக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் கையால் தண்ணீரைத் தள்ளிப் பின்னாலேயே போனோம்.

கரையில் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் குத்தினார். குத்தக் குத்தத் தண்ணீரும் இரவு தின்ற சோறுமாக வாந்தி வந்தது. அவன் இருமி, மூச்சு திரும்பி, கண்ணைத் திறந்ததுதான் தாமதம். சட்டையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்துக் கன்னத்தில் அறைந்தார். மறு கன்னத்திலும்.

"அறுத்தது நீதான? சொல்றா!"

அவன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

மீன்காரர் மேட்டில் நின்ற வேனைப் பார்த்தார். "அது உன் வண்டியா?"

அவன் தலையாட்டினான்.

"எந்தக் கையிலடா அறுத்த?"

கேட்டுக்கொண்டே அவன் வலது மணிக்கட்டை இழுத்து ஒரு கல்மேல் வைத்துக் காலால் மிதித்தார். கழியைத் தூக்கினார். கடைக்காரன், "அண்ணா, வேணாண்ணா, அவனுக்குப் பொழப்பே அந்தக் கைதாண்ணா," என்று அவர் காலில் விழுந்தான். உதறிவிட்டார். கழி தலைக்குமேல் நின்றது. அவர் வாயிலிருந்து ரத்தம் அவன் விரல்மேல் சொட்டியது.

"நான்தாங்க," என்றேன்.

அவர் திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாகச் சொன்னேன். "நான்தாங்க அறுத்தேன். குப்பைன்னு நெனச்சி பாட்டில் பாட்டிலா அறுத்தேன். அவன் தொடக்கூட இல்ல."

இப்போது திரும்பினார். என் முகத்தையும் கையையும் பார்த்தார். பிறகு காலடியில் கிடந்தவனின் கிழிந்த புருவத்தைப் பார்த்தார்.

"தண்ணிக்குள்ள அவன் சாவுறப்பகூட சொல்லலியேடா நீ," என்றார்.

அவர் கழியோடு என்னை அடிக்க வருவார் என்று காத்து நின்றேன். அவர் என் பக்கம் வரவே இல்லை. மணிக்கட்டிலிருந்து காலை எடுத்தார். குனிந்து வேன்காரனை அக்குளில் கைகொடுத்து எழுப்பி எனக்கு நேராக நிற்க வைத்தார். கழியை அவன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடக்கிவிட்டு, இரண்டடி விலகி நின்றார்.