அரைக் கிலோ தேவாலயம்

தவராஜா கெட்ட மனிதர் என்று சுவிஸ் நாட்டின் துன் நகரத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் முப்பத்திரண்டு வருடமாகக் காலை ஐந்தரைக்குக் குசினி விளக்கைப் போடுகிற மனிதர். சட்டி கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் காலைச் சாப்பாட்டு மேசை முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது. குடி இல்லை. மனைவிமேல் கை வைத்ததில்லை. கோயில் அன்னதானத்துக்கு அண்டா தூக்க ஆள் தேடினால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். இத்தனையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லப்போவதைக் கேட்டால் ஒருவருக்கும் இதெல்லாம் நினைவில் நிற்காது.

அவருடைய மனைவி கஜலக்சுமி 1996இல் கலியாணத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். வந்து இரண்டாவது மாதம், கோடைகாலம், இருவரும் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனார்கள். செர்ரிப் பழத்துக்கும் தேவாலயத்துக்கும் ஜெர்மன் மொழியில் நடுவே ஒரே ஒரு ஒலிதான் வித்தியாசம். நம்மவர் நாக்கு அந்த இடத்தில் வழுக்கும். கஜலக்சுமி கடைக்காரியிடம் மிகப் பணிவாக, தானே மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தில், அரைக் கிலோ தேவாலயம் தாருங்கள் என்று கேட்டாள். கடைக்காரி சிரிக்கவில்லை. பழத்தை நிறுத்துக் கொடுத்தாள். விழுந்து விழுந்து சிரித்தவர் பக்கத்தில் நின்ற தவராஜா.

அதோடு விட்டாரா? பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில் மண்டபம் என்று நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். சபை சிரிக்கும். கஜலக்சுமியும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போவாள். அன்றைக்குப் பிறகு அவர் காதுபட அவள் ஒரு ஜெர்மன் சொல்லும் பேசவில்லை. அதை அவர் கவனிக்கவுமில்லை. கடிதம் வந்தால் அவர் வாசிப்பார், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவர் போவார். மனைவிக்குப் பாஷை வராது, பாவம், நான்தான் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அதையும் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

2008இல் ஊரெல்லாம் ஒரே கேள்வி: "பாஸ்போட் எடுத்தாச்சோ?" சுவிஸ் குடியுரிமை எடுத்தாயிற்றா என்பதுதான் அதன் பொருள். தவராஜாவும் படிவம் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினார். தன் பெயர் எழுதினார். ஒன்பது வயது மகள் ரிஷானியின் பெயர் எழுதினார். மனைவிக்கான கட்டம் வந்ததும் பேனையை மூடினார். அந்தப் படிவம் கொடுத்தால் நகரசபையில் கூப்பிட்டு, எதிரே இருத்தி, ஜெர்மன் மொழியில் கேள்வி கேட்பார்கள்.

"இஞ்சரும், எல்லாரையும் ஒண்டாப் போட்டால் நீர் அங்க போய் என்னத்தையாவது சொல்லி எங்கட அலுவலும் பிழைச்சுப் போயிடும்," என்றார். "முதல்ல நானும் பிள்ளையும் எடுக்கிறம். உமக்குப் பேந்து பாப்பம். நீர் எங்க போகப்போறீர்? ஜெர்மனிக்கும் பாரிசுக்கும் போக இனி இந்தப் பேமிற் காணுமாம்."

பேமிற் என்றது அவளுடைய வதிவிட அனுமதி அட்டையை. அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஓம்," என்றாள்.

அந்தப் 'பேந்து', அதாவது பிறகு, வரவேயில்லை. பதினாறு வருடம் போயிற்று. உண்மையில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பாரிசுக்குச் சேலை எடுக்கப் போனார்கள், ஜெர்மனியில் கலியாண வீடுகளுக்குப் போனார்கள். எல்லையில் ஒரு குருவியும் மறித்துக் கேட்கவில்லை. சிங்கம் போட்ட இலங்கைப் பாஸ்போட்டைக் கஜலக்சுமி பத்து வருடத்துக்கு ஒருக்கால் புதுப்பித்து அலுமாரியில் வைத்தாள். அவளும் அதே ஹோட்டலில் அறை துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. பதினான்கு அறையிலும் கட்டில்.

போன வருடம் மாசி மாதம் வயிற்று நோவென்று போனவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். வெட்ட முடியாது என்றார்கள். கோடை வரைக்கும் ஓரளவு நன்றாக இருப்பீர்கள், போக நினைத்த இடம் இருந்தால் இப்போதே போங்கள் என்று டொக்டர் சொன்னார். தவராஜா வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே வந்து, "எங்கயாவது போவமோ?" என்று கேட்டார். கோயில் ஏதாவது சொல்வாள், இந்தியா என்பாள் என்று எதிர்பார்த்தார்.

அவள் தன் உடுப்பு அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு பழைய சஞ்சிகையை எடுத்து வந்தாள். யாரோ விருந்தாளி இருநூற்றுப் பதினான்காம் அறையில் விட்டுப்போனது. அயர்லாந்துக்குப் பறந்து போய், பெரிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கடலோரமாக ஓட்டிப்போய்க் கோட்டைகளில் தங்குகிற பணக்காரப் பயணம் ஒன்றைப் பற்றி எட்டுப் பக்கம். அவள் கடலைக் காட்டவில்லை, காரைக் காட்டவில்லை. கோட்டைக்குள் இருந்த ஒரு கட்டிலைக் காட்டினாள். நாலு தூண், பச்சைத் திரை, உப்பி நிற்கிற வெள்ளை விரிப்பு.

"இருவத்திநாலு வருசமா நான் விரிச்ச கட்டிலில வேற ஆக்கள் படுத்தவை," என்றாள். "ஒருக்கா நான் படுத்தெழும்ப, வேற ஆர் எண்டாலும் வந்து விரிக்கவேணும். நான் திரும்பியும் பாக்காமல் வெளியில போகவேணும்."

இவ்வளவுதான் கேட்டாள். இதையாவது செய்து கொடுக்க வேண்டும் என்று தவராஜா கங்கணம் கட்டிக்கொண்டார். ரிஷானி ஒரு கிழமை கணினிக்கு முன்னால் இருந்தாள். தாய் தகப்பன் இருவருக்கும் சூரிச்சிலிருந்து டப்ளினுக்கு விமானம், இறங்கிய இடத்திலேயே கார், மேற்குக் கரையில் அதே கோட்டையில் நாலு நாள். சின்னக் கார் காணும் என்று ரிஷானி சொன்னதற்குத் தவராஜா எரிந்து விழுந்தார். சீற் சூடாகிற பெரிய கறுப்புக் காராகத்தான் இருக்க வேண்டும், அம்மாவுக்கு நடு முதுகு குளிரும் என்றார்.

அயர்லாந்தில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும், சாரதி வலப்பக்கம் இருப்பார். தவராஜா வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. ஆகவே பின்னேரங்களில் சோபாவின் வலப்பக்கம் இருந்து, இடக்கையால் இல்லாத கியரைப் போட்டுப் பழகினார். கஜலக்சுமி இடப்பக்கம் வந்து உட்காருவாள். "மெதுவா, மெதுவா, ஆடு நிக்குது," என்பாள். பயணத்துக்கு முந்திய மூன்று கிழமையும் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

விசா என்ற பேச்சு அந்த வீட்டில் ஒரு தரமும் எழவில்லை. லண்டனுக்கு விசா வேண்டும் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அயர்லாந்து லண்டன் இல்லையே. அங்கே புழங்குவது ஈரோ. "ஈரோ எண்டால் ஐரோப்பா, ஐரோப்பா எண்டால் பேமிற் காணும்," என்று தவராஜா முடித்துவிட்டார். சுவிஸின் சிவப்புப் பாஸ்போட்டோடு உலகம் சுற்றிய ரிஷானிக்கோ விசா என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. புறப்படுவதற்கு முதல்நாள், தாயின் பெயருக்கு மட்டும் போர்டிங் அட்டை வராமல், விமான நிலைய மேசையில் பாஸ்போட்டைக் காட்டவும் என்று வந்தது. நீளமான பெயர், அதுதான் கணினிக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார்கள்.

மே மாதம் பதின்மூன்றாம் திகதி, காலை ஒன்பதரை மணி, சூரிச் விமான நிலையம். கஜலக்சுமி நீலக் கோட் போட்டிருந்தாள். உடம்பு இளைத்துக் கோட் இரண்டு மடங்காகத் தெரிந்தது. மேசையில் இருந்த இளம்பெண் அவளுடைய பாஸ்போட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள். அயர்லாந்து விசா எங்கே என்று கேட்டாள்.

தவராஜா முன்னே வந்தார். குசினியில் படித்த ஜெர்மனில் பெயர்ச்சொல்லும் கட்டளையும்தான் இருக்கும். "அவள் பேமிற் இருக்கு. இருபத்தெட்டு வருடம். அயர்லாந்து ஈரோ. நாங்கள் கார் எடுக்க. பிரச்சினை இல்லை," என்றார். பெண் தலையசைத்தாள். அயர்லாந்து ஐரோப்பாதான், ஆனால் எல்லையைத் திறந்துவிட்ட நாடுகளின் கூட்டில் இல்லை, இந்தப் பாஸ்போட்டுக்கு விசா வேண்டும் என்று விளக்கினாள். "பிரச்சினை இல்லை," என்று தவராஜா இன்னொரு தரம் உரத்துச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள்.

அப்போது கஜலக்சுமி அவர் கையைத் தொட்டு ஒதுக்கினாள். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

தவராஜாவுக்கு முதலில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்றுதான் பட்டது. பள்ளிக்கூட ஜெர்மன்கூட இல்லை. துன் இருக்கிற பேர்ண் பக்கத்துப் பேச்சு, வாயில் வைத்து மென்று ஆறுதலாகச் சொல்கிற அந்தப் பாஷை, அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடியது. டப்ளினில் இறங்கிய பிறகு விசா தருவார்களா என்று கேட்டாள். இன்றைக்கே தரக்கூடிய அலுவலகம் ஏதும் உண்டா என்று கேட்டாள். தன் நோயைச் சொன்னாள், அழாமல் சொன்னாள், டொக்டரின் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். பெண் எழுந்து போய் மேலதிகாரியோடு கதைத்துவிட்டு வந்தாள். முகத்திலேயே பதில் தெரிந்தது. ஐயா போகலாம், அம்மா போக முடியாது.

பெண்ணுக்கும் கண் கலங்கியிருந்தது. "நான் ஸ்பீட்ஸ் ஊர்," என்றாள். அதே துன் ஏரிக்கரையில் இன்னோர் ஊர். "நீங்கள் பேசுவது என் அம்மா பேசுவது போலவே இருக்கிறது. இத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்களே, நீங்கள் ஏன் சுவிஸ் பாஸ்போட் எடுக்கவில்லை?"

தவராஜாவுக்கு அந்தக் கேள்வி விளங்கியது. ஒவ்வொரு சொல்லாக விளங்கியது. கஜலக்சுமி அவர் பக்கம் திரும்பவில்லை.

"நேரம் கிடைக்கவில்லை," என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஊர் உலகத்துக்கு முன்னால் அவளை இருபத்தெட்டு வருடம் சிரிப்பாக்கியவர் அவர். அவரை ஒரு முன்பின் தெரியாத பெண்ணுக்கு முன்னால்கூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

துன்னுக்குத் திரும்புகிற ரயிலில் இருக்கும்போது ரிஷானி வீட்டிலிருந்து போன் எடுத்து அழுதாள். தன்மேல்தான் பிழை என்றாள். பிறகு அழுகையை நிறுத்தி, "அப்பா, என்ர பேரைப் போடேக்க அம்மான்ர பேரை ஏன் போடேல்லை?" என்று கேட்டாள். ரயில் சத்தம், கேட்கவில்லை என்று தவராஜா போனை வைத்தார். வைத்த கையோடு கார்க் கம்பனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. வண்டி கழுவித் தயாராக நிற்கிறதாம். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

கஜலக்சுமி விமானத்தில் சாப்பிடவென்று கட்டிய பாண் ரொட்டியைப் பிரித்து அவருக்கு ஒரு பாதி கொடுத்தாள்.

"நீர் எப்ப உப்பிடிக் கதைக்கப் பழகினீர்?" என்று கேட்டார்.

"இருவத்திநாலு வருசம் வாயை மூடிக்கொண்டோ வேலை செய்தனான்? கேர்பர் அம்மாவோட நாள் முழுக்க அந்தப் பாஷைதானே." கேர்பர் அம்மா என்பது அறைவேலைக்கு மேற்பார்வைக்காரி.

"எனக்கு முன்னால ஒருநாளும் கதைக்கேல்லையே."

"உங்களுக்கு முன்னால கதைச்சால் நீங்கள் அதைச் சபையில சொல்லுவியள்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாணை மென்றுகொண்டே சொன்னாள்.

விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். சம்பளத்துண்டு, வீட்டு ஒப்பந்தம், திரும்பி வருவேன் என்ற உறுதிக் கடிதம். இனி எங்கே திரும்பி வருவது என்று தெரியாத ஒருத்தியிடம் அந்தக் கடிதத்தையும் எழுதி வாங்கினார்கள். யூன் கடைசியில் பதிவுத் தபாலில் பாஸ்போட் வந்தது, உள்ளே விசா பளபளவென்று ஒட்டியிருந்தது. அப்போது கஜலக்சுமி ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறு நாள். அங்கிருந்து அவள் திரும்பவில்லை. யூலை பதினெட்டாம் திகதி காலமானாள்.

அதற்கு ஒன்பது நாள் முந்தி, காலை நேரம், தவராஜா அவளைப் பார்க்கப் போனார். போகிற வழியில் சந்தையில் செர்ரி வந்திருந்தது. அவளால் ஒன்றும் விழுங்க முடியாது என்று தெரிந்தும் வாங்கினார். பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, அரைக் கிலோ தேவாலயமோ?" என்றாள்.

அவள் சிரித்தாள். இருபத்தெட்டு வருடத்துப் பகிடி. அதை அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தரம். தவராஜா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பதினாறு வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"கஜா, அண்டைக்கு நான் உம்மட பேரையும் போட்டிருக்கவேணும்."

அதற்கு அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றார். அதுக்கென்ன, விடுங்கோ என்பாள். எல்லாம் விதி என்பாள். அப்படி ஒன்றைச் சொல்லி அவரைக் காப்பாற்றுவாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை, சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்திலும் இருந்தது.

"ஓம்," என்றாள் கஜலக்சுமி.

அந்த நேரம் பார்த்துத் தாதி புது விரிப்போடு உள்ளே வந்தாள். இருவருமாகக் கஜலக்சுமியைத் தூக்கி, ஏரியைப் பார்த்தபடி கிடந்த கதிரையில் இருத்தினார்கள். தாதி பழைய விரிப்பை உருவி எறிந்துவிட்டுப் புதியதை உதறிப் போட்டாள். அவசரத்தில் கால்மாட்டு மூலை ஒழுங்காக மடியவில்லை. கட்டில் விரித்தே அறியாத தவராஜாவுக்குக்கூட அது தெரிந்தது. கஜலக்சுமிக்கு அந்தத் துணிச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும்.

அவள் திரும்பியும் பார்க்கவில்லை.