கரடி கீறாத முகம்

என் மச்சானின் முகத்தில் பாதியைக் கரடி கிழித்துவிட்டது. இடது கண் போயிற்று. மூக்கின் ஒரு பக்கம் மடிந்து ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் நான்கு வரிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. அந்த முகத்தின் மீது எனக்குப் பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு மீதியை எழுத முடியாது.

அவர் என் மனைவியின் அண்ணன். சித்தேரி மலையில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு சாமைக் கொல்லைதான் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவன். போர்வெல் வண்டியில் ஆந்திரா வரை போனேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றேன். பெங்களூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டினேன். எங்கேயும் இரண்டு வருடம் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, கால் நிற்காது, அவ்வளவுதான். கல்யாணமாகி மலைக்கே திரும்பிய பிறகும் வீட்டில் இருந்ததைவிடக் காட்டில் இருந்த நாள்தான் அதிகம். கடுக்காய் பொறுக்க, துடைப்பத்துக்குச் சீமாறுப் புல் அறுக்க, தேன் எடுக்க என்று பன்னிரண்டு வருடம் நடந்திருக்கிறேன். ஏழெட்டு முறை கரடியைப் பார்த்திருக்கிறேன். என் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கடைசியில் அதுவே எனக்குக் குறையாகிவிட்டது.

போன ஆடி மாதம் பெங்களூரிலிருந்து ஒரு மலையேற்றக் குழு வந்தது. அதை நடத்துபவர் ஓசூர்க்காரப் பெண், முப்பது வயதிருக்கும். நாங்கள் அவரை மேடம் என்று கூப்பிட்டோம். வனத்துறையிடம் அனுமதி வாங்கிவிட்டார். சனிக்கிழமைதோறும் எட்டுப் பத்துப் பேரை அழைத்து வந்து, ஓடைக்கு மேலே இருக்கும் பாறையில் கூடாரம் போட்டு ஒரு நாள் தங்கவைக்கப் போகிறார். கூடவே போக உள்ளூர் ஆள் வேண்டும். ஒருவர் போதும். ஐப்பசி மழை பிடிக்கிற வரைக்கும் வாராவாரம் வேலை. நடப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதுவரை எந்த வேலையும் கிடைத்தால் செய்வேன், போனால் விட்டுவிடுவேன். இந்த வேலை எனக்கு வேண்டும் என்று இருந்தது.

டீக்கடைக்கு முன்னால் தார்ப்பாயை விரித்து, கரடிக்கென்று வாங்கி வந்ததையெல்லாம் மேடம் பரப்பினார். பையில் கட்டிக்கொள்ளும் மணிகள், விசில்கள், மிளகாய்க் காரம் அடைத்த ஸ்பிரே டப்பா, இறுக மூடும் சாப்பாட்டு டப்பாக்கள், கண்ணைப் பறிக்கும் டார்ச் லைட். கூட வந்த நான்கைந்து பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் போக முடியாதுண்ணா. எது வேணும், எது வேண்டாம்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

"மணி வேண்டாங்க மேடம்" என்றேன். "இங்க மேயுற மாட்டுக்கெல்லாம் கழுத்துல மணி கெடக்குது. கரடி அதைச் சட்ட பண்ணாது. மனுசன் கொரல்தாங்க வேணும். அதுக்குக் கண்ணு மட்டு. தின்னுக்கிட்டு இருந்தா தலையத் தூக்காது. நாம கிட்டப் போயி திடுக்குனு நின்னா பயந்துக்கிட்டு மேல உழும். வர்றது முன்னாடியே தெரிஞ்சிட்டா அதுவே ஒதுங்கிப் போயிரும். பேசிக்கிட்டே போவணுங்க. அதுக்கு மேல மருந்து இல்ல."

இன்னும் சொன்னேன். பலா மரத்தடியிலும் கரையான் புற்றுப் பக்கத்திலும் கூடாரம் போடக் கூடாது. சாப்பாட்டு டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. விடிகாலையில் தனியாக ஓடைக்குப் போகக் கூடாது. எதிரில் பார்த்துவிட்டால் ஓடக் கூடாது, முகத்தைக் காட்டியபடியே பின்னால் நகர வேண்டும். மேடம் போனில் எழுதிக்கொண்டே வந்தார். வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"அப்ப ஸ்பிரே?"

"காத்து எந்தப் பக்கம்னு பாத்து அடிக்கணுங்க. இது ஆடி மாசம்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. எப்படி வேலை செய்கிறது பார்ப்போம் என்று பள்ளத்தைப் பார்த்து ஒரு அழுத்து அழுத்தினார். பள்ளத்துக் காற்று அத்தனையையும் அள்ளி எங்கள் மேலேயே போட்டது. டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் இருமினோம், அழுதோம். என் மச்சான் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

"அய்யோ அண்ணா, உங்க கண்ணு!"

மூன்று பேர் மூன்று தண்ணீர் பாட்டிலோடு ஓடினார்கள். ஒற்றைக் கண்ணுக்கு மூன்று பாட்டில். எனக்கு இரண்டு கண்ணும் எரிந்தது. டீ கிளாஸ் அலசும் வாளியில் கழுவிக்கொண்டேன்.

முகத்தைத் துடைத்துவிட்ட பிறகு, "உங்களுக்கு எப்படிண்ணா இப்படி ஆச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. மச்சான் சொல்ல ஆரம்பித்தார். முதல் வருடம் அந்தக் கதையில் ஒரு கரடிதான் இருந்தது. இப்போது இரண்டு குட்டிகளும் சேர்ந்துவிட்டன. அவர் அதன் மூக்கில் அரிவாளால் வெட்டினாராம், கட்டிப் புரண்டாராம், அரை மணி நேரம் விடவில்லையாம்.

"போன தடவ கால் மணி நேரந்தான சொன்ன?" என்றார் டீக்கடைக்காரர்.

"அப்ப என்கிட்ட வாட்ச் இல்ல" என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் மேடம் என்னிடம் வந்து, "நீங்க சொன்னது ரொம்ப உபயோகமா இருந்துச்சுண்ணா. ஆனா கரடிகிட்டயே தப்பிச்ச அண்ணா கூட வந்தா எங்களுக்கு ஒரு தைரியம்" என்றார்.

கரடியிடம் மாட்டிக்கொண்டவர் காவலுக்கு. மாட்டிக்கொள்ளாதவன் வீட்டுக்கு.

வீட்டில் நான் களியைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து என் மனைவி சொன்னாள். "எங்கண்ணனுக்கு ஒரு வேல கெடச்சா உங்களுக்குச் சோறு எறங்காதா? அவ்வளவு ஆசைன்னா நீங்களும் போயி ஒரு கீறு வாங்கிக்கிட்டு வாங்க. அதுக்கும் ஆள் அனுப்பணுமா?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். திருப்பிச் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் நான் ஒரு பாறையில் பெரிய தேனடைகள் கண்டுபிடித்திருந்தேன். இடத்தை யாருக்கும் காட்டவில்லை. ஒரு நாள் காலையில் வழக்கம்போல் உரக்கப் பாடிக்கொண்டே போனேன். பின்னால் அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் மச்சான் ரத்தத்தில் கிடக்கிறார். வலது கையில் செருப்பு ஜோடியை இறுகப் பிடித்திருந்தார். அரிவாள் ஏதும் இல்லை. என் பாறை எங்கே என்று தெரிந்துகொள்ள, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இருமாமல் தும்மாமல் என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறார். என் சத்தத்துக்கு ஒதுங்கிய கரடி, சத்தமே இல்லாத அவர் மேல் போய் மோதிவிட்டது. முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். தருமபுரி ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கூடவே இருந்தேன். செருப்பைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அது பெருந்தன்மையால் அல்ல. சொன்னால் பாறை எங்கே என்று ஊரே கேட்கும்.

முதல் பயணத்துக்கு முந்தின நாள் மதியம் நான் வேலி கட்டிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். கொஞ்ச நேரம் முள்ளை எடுத்துக் கொடுத்தார்.

"மாப்ள, நாளைக்கு நீயும் வா."

"எதுக்கு? ஒரு ஆளுதான வேணும்னாங்க."

"சாமான் தூக்கறதுக்குன்னு சொல்லியிருக்கேன். ஒரு நாளைக்கு மட்டுந்தான்." குரலைத் தாழ்த்தினார். "எட்டு வருசமா இந்தக் கடசிக் கொல்லையத் தாண்டி நான் போனதில்லடா. ஓடைப் பக்கம் திரும்புனாலே காலு வர மாட்டேங்குது."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"அந்த மேடம் புள்ள என் மூஞ்சியப் பாத்துட்டு வேற பக்கம் திரும்பல. அதான், சரின்னு வாயில வந்துருச்சி."

அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இருந்தாலும் போனேன்.

சனிக்கிழமை காலை எட்டுப் பேர். மச்சான் முன்னால். நான் கடைசியில், முதுகில் இரண்டு கூடாரம். பிள்ளைகள் பறவைச் சத்தம் கேட்க வேண்டும் என்று வாய் திறக்காமல் நடந்தார்கள். முன்னால் போகிறவர் பேச வேண்டும். அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் பின்னாலிருந்து இரண்டு முறை குரல் கொடுத்தேன். "அண்ணா, ப்ளீஸ்" என்று ஒரு பையன் உதட்டில் விரல் வைத்தான்.

ஓடைக்கு இறங்கும் வளைவில் பழுத்த பலா வாசனை அடித்தது. மரத்தடியில் ஒரு பழம் பிளந்து கிடந்தது. அதற்குப் பின்னால் கருப்பாக ஒன்று அசைந்தது. நாற்பது அடி தூரம் இருக்கும். மச்சான் நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உச்சந்தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஸ்பிரே டப்பாவை எடுத்த பையனின் கையைத் தட்டிவிட்டேன். காற்று எங்களைப் பார்த்துத்தான் வீசிக்கொண்டிருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு முன்னால் போய் நின்றேன்.

பேச வேண்டும், நிறுத்தாமல். என்ன பேசுவது என்று யோசிக்க நேரமில்லை. தொண்டை வரைக்கும் வந்து நின்றிருந்தது எதுவோ அதுதான் வந்தது.

"ஏ சாமி! நாங்க வந்திருக்கோம், கேட்டுக்க! இந்தாளு உங்கூட சண்டையெல்லாம் போடல! அரிவாளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! செருப்பக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு என் தேன எடுக்க என் பின்னாடியே வந்தாரு! சத்தம் போட்டு வந்திருந்தா நீ பாட்டுக்குப் போயிருப்ப! உன் மேல தப்பில்ல! போயிரு சாமி! அரை மணி நேரமாம், அரை மணி நேரம்!"

கரடி எழுந்து நின்று மோப்பம் பிடித்தது. நான் கத்திக்கொண்டே, இடது கையால் மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினேன். பிள்ளைகளும் சேர்ந்து நகர்ந்தார்கள். அது நான்கு காலில் இறங்கி, சரிவில் புதரை முறித்துக்கொண்டு போய்விட்டது.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். வேலை கைமாறுகிற நேரம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"ஆமா, மாப்ள சொன்னதுதான் நெசம்" என்றார். "திருட்டுத்தனமாத்தான் போனேன். இவன்தான் சொமந்துக்கிட்டு வந்தான்."

கூடாரம் போடும் பாறைக்குப் போனதும் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். செருப்பு எப்படிக் கையில் வழுக்கியது, என் பாட்டு எவ்வளவு கேவலமாக இருந்தது, மூக்கில் கரடியின் மூச்சு எப்படிப் பட்டது எல்லாம். பொய்யைச் சொன்னபோது தரையில் உட்கார்ந்தவர்கள், உண்மையைச் சொன்னபோது அவர் காலடிக்கே நகர்ந்து வந்தார்கள். "இத விட நல்ல பாடம் வேற என்ன வேணும்? சத்தமில்லாம போனா என்ன ஆகும்னு இவரப் பாத்தாலே போதும்" என்றார் மேடம். வேலை அவரிடமே இருந்தது. என் கையைக் குலுக்கி ஒரு டார்ச் லைட் கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கத்திலிருந்து என் குரல் கேட்டது. "ஏ சாமி! நாங்க வந்திருக்கோம், கேட்டுக்க!" நிமிர்ந்து பார்த்தேன். மறுபடியும் கேட்டது, அதே வேகத்தில், அதே இடத்தில் மூச்சு வாங்கி. ஒரு பிள்ளை அன்றைக்கு போனில் எடுத்திருக்கிறது. அதைக் கைக்கடக்கமான ஒரு ஸ்பீக்கரில் ஏற்றி மச்சானின் பையில் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறை அழுத்துவாராம். கரடிக்காக வாங்கியதில் மணி, விசில், ஸ்பிரே எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் இருந்தால் மச்சானுக்கும் கால் நடக்கிறதாம்.

"நான் திருடுனத நானே காடு பூரா சொல்லிக்கிட்டுப் போறேன், பாத்துக்க" என்று சாயங்காலம் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். என் தொண்டை வேலைக்குப் போகிறது, நான் களை பிடுங்குகிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை டீக்கடையில் காத்திருந்தேன். மேடம் வந்ததும் சொன்னேன்.

"ஒரே கொரலு, ஒரே பேச்சுன்னா நாலு வாரத்துல கரடி கண்டுபுடிச்சிருங்க மேடம். ஆளில்லாத கொரலுன்னு தெரிஞ்சிக்கும். அப்புறம் ஒதுங்காது."

அப்படி எதையும் நான் கண்டதில்லை, கேட்டதுமில்லை. கரடியைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. மேடம் புருவத்தைச் சுருக்கினார். பிறகு மச்சானைப் பார்த்தார். மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பொய் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"மாப்ள சொல்றது நெசந்தாங்க" என்றார். "அதுக்கு அந்தப் புத்தி உண்டு. ஆளு கூட வந்து பேசுனாத்தான் சரி."

மேடம் உடனே தலையாட்டினார். "அப்ப நீங்களும் வாராவாரம் வந்துடுங்கண்ணா."

வேலை கிடைத்துவிட்டது. கூடாரப் பையை முதுகில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன். நான் சொன்னபோது ஆடாத தலை அவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஆடியது, ஓடை வரைக்கும் அதுதான் எனக்கு எரிந்துகொண்டிருந்தது.