பாதித் தண்ணீர்

கிளாடெட் மொரின் கையில் எதைக் கொடுத்தாலும் எடை சொல்லிவிடுவாள். நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்குக் கீழே ஒரு சின்ன ஊரின் அஞ்சலகக் கவுண்டரில் இருபத்தேழு வருடமாக நிற்பவள். பார்சலை வாங்கும்போதே "ரெண்டு பவுண்டு மூணு அவுன்ஸ்" என்பாள். பிறகுதான் தராசில் வைப்பாள். தராசும் அதையேதான் சொல்லும். அவளோடு பந்தயம் கட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தே நொந்துபோனவர்கள் ஊரில் பாதிப் பேர்.

இந்தக் கை அவளுக்குச் சோறு போட்டது. கூடவே ஒரு பைத்தியத்தையும் கொண்டுவந்தது. மலையேறப் போகும்போது பையில் ஒரு அவுன்ஸ்கூட வீணாக இருக்கக் கூடாது. பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டாள். சட்டைகளின் கழுத்துச் சீட்டு, கையுறையில் தைத்த சீட்டு, பையில் தொங்கும் சீட்டு எல்லாவற்றுக்கும் கத்தரிக்கோல்தான். அவள் கணவன் அர்மண்ட், குளிர்காலத்தில் ரோட்டுப் பனியை லாரியால் தள்ளுகிறவன், அதிகம் பேசாதவன், அவனுக்கே வாய் சும்மா இருக்காது. "தலைமுடியையும் வெட்டிட்டுப் போயேன். அதுல ஒரு மூணு அவுன்ஸ் தேறும்" என்பான்.

அந்த மலைகளில் நாலாயிரம் அடிக்கு மேலே நாற்பத்தெட்டு உச்சிகள். கோடையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். குளிர்காலத்தில் ஏறினால்தான் அங்கே மதிப்பு. குளிர்காலம் என்றால் பனி கிடக்கிற நாள் என்று அர்த்தமில்லை. நாள்காட்டிப்படி குளிர்காலம் பிறக்கிற நிமிடத்திலிருந்து வசந்தம் பிறக்கிற நிமிடம் வரை. அதற்கு ஒரு நிமிடம் பிந்தி இடுப்பளவு பனியில் நீந்திப் போய் நின்றாலும் செல்லாது. யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனாலும் அங்கே ஒருத்தரும் பொய் சொல்வதில்லை.

கிளாடெட் பதினொரு குளிர்காலத்தில் நாற்பத்தேழு ஏறிவிட்டாள். பாக்கி ஒன்று, ஔல்ஸ் ஹெட். போக ஒன்பது மைல், வர ஒன்பது மைல். உச்சியில் போய் நின்றால் மரத்தைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. அதனாலேயே எல்லாரும் அதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அவளும் தள்ளினாள். இப்போது வயது ஐம்பத்தொன்பது, முழங்கால் இரண்டும் முணுமுணுக்கின்றன, அடுத்த வருடம் என்ற பேச்சே வேண்டாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதில் தண்ணீர் எங்கே வந்தது என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. குளிரில் தாகமே தெரியாது. நாள் முழுக்கக் குடிக்காமல் நடந்து நடந்து சேர்த்த கல். கொட்டுகிற பனியில் நாற்பது மைல் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அர்மண்ட் லாரியை ஓட்டினான். பக்கத்து இருக்கையில் அவள் புழுவாய்த் துடித்தாள். அவன் அன்றைக்குப் பயந்ததுபோல அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை. வீடு திரும்பியதும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டான். மலையில் குடிக்கிற தண்ணீர் எப்போது பாதிக்கு வருகிறதோ, அங்கேயே திரும்பிவிட வேண்டும். எங்கே நின்றாலும் சரி.

அந்தப் பிப்ரவரியில் ஔல்ஸ் ஹெட்டுக்குக் கிளம்பி ஒருமுறை அப்படித் திரும்பினாள். சாதாரணப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு போயிருந்தாள். ஆறாவது மைலில் தண்ணீர் பாதிக்கு மேல் உறைந்து கல்லாகிவிட்டது. சூடு காக்கும் பாட்டில் வாங்கினால் தீர்ந்தது, ஆனால் அவையெல்லாம் இரும்புக் குண்டு. ஆகவே மார்ச் இரண்டாம் வாரம் சமையலறைத் தராசைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மலைச்சாமான் கடைக்குப் போனாள்.

கடைக்காரன் குர்ட் அவளைப் பார்த்ததுமே கையைத் தூக்கினான்.

"வந்துட்டாங்கய்யா தராசோட! அக்கா, சீட்டுலயே எடை போட்டிருக்கு, பாருங்க."

"உன் சீட்டை நீயே வச்சுக்க." அவள் ஒரு பாட்டிலை உள்ளங்கையில் நிறுத்தினாள். "இதுல பத்துன்னு போட்டிருக்கு. பன்னெண்டரை இருக்கு."

தராசில் வைத்தார்கள். பன்னிரண்டரை.

"மூடியில்லாம நிறுத்தியிருப்பாங்க" என்று குர்ட் தலையைச் சொறிந்தான்.

"அப்போ மூடியை வீட்டுல வச்சுட்டு, வாயில விரலைச் செருகிக்கிட்டு ஏறணுமா?"

ஒன்றரை மணி நேரம் பதினாறு பாட்டில். குர்ட்டுக்குப் பசி வந்துவிட்டது. கடைசியில் மூடியோடு சேர்த்து ஒன்பது அவுன்ஸில் ஒன்று அகப்பட்டது. முப்பத்திரண்டு அவுன்ஸ் பிடிக்கும், மெல்லிய உடம்பு, திறக்காமலே உறிஞ்ச மூடியில் சின்ன மூக்கு. பக்கத்திலேயே திருகு மூடி போட்ட இன்னொன்று இருந்தது. அது பதினொன்று.

"அக்கா, ரெண்டு அவுன்ஸ்தானே. திருகு மூடிதான் உறுதி."

"ரெண்டு அவுன்ஸ் உனக்கு. பதினெட்டு மைல் தூக்கறவளுக்கு இல்ல."

வீட்டுக்கு வந்ததும் பாட்டில் கழுத்தில் தொங்கிய காகிதச் சீட்டைப் படிக்காமலே நறுக்கிக் குப்பையில் போட்டாள். சீட்டுக்கும் எடை உண்டல்லவா.

சனிக்கிழமை நோரீனோடு கிளம்பினாள். நோரீன் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நெட்டை, வாய் ஓயாதவள், இந்த நாற்பத்தேழில் முப்பது உச்சிக்குக் கூடவே வந்தவள். வெந்நீரை நிரப்பிய கிளாடெட், பாட்டிலைப் பைக்குள் தலைகீழாகச் செருகினாள். அங்கே குளிரில் நடக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் செய்வார்கள். பனிக்கட்டி மேலேயிருந்துதான் பிடிக்கும். கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் உறையும், வாய் திறந்தே இருக்கும். பதினொரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

வழியில் நாலு முறை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். சூடு அப்படியே இருந்தது. ஏழரை மைலில், உச்சிக்கு ஏறுகிற செங்குத்துச் சரிவுக்குக் கீழே, குளிருக்குப் போட்டுக்கொள்ள இறகு அடைத்த கோட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். கோட்டு பலகையாக விறைத்து வந்தது. பாட்டிலின் உறிஞ்சுகிற மூக்கு வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, கோட்டை நனைத்து, உறைந்தும் போயிருந்தது. நிமிர்த்தி வைக்கவும் என்று, அவள் படிக்காமல் நறுக்கிப் போட்ட அந்தச் சீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பாட்டிலைத் தூக்கினாள். கைக்குத் தெரிந்துவிட்டது.

"தண்ணி பதினொரு அவுன்ஸ்தான் இருக்கு" என்றாள்.

"அதனால என்ன? இன்னும் ஒன்றரை மைல்டி!"

"பாதின்னா பதினாறு. பாதி தாண்டிடுச்சு, நோரீன்."

"அடிப்பாவி, நீ எங்க குடிச்ச? பாதிக்கு மேல உன் கோட்டுதானே குடிச்சது! கொட்டினதெல்லாம் கணக்குல வராது."

"பாதிக்கு வந்தா திரும்பறேன்னு சொன்னேன். எப்படிப் பாதியாகும்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல."

"என்கிட்ட இருக்குல்ல, குடி."

"அது நீ வீடு போய்ச் சேர்றதுக்கு."

நோரீன் மரத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டினாள். கிளாடெட் அழுதாள். கண்ணீர் இமையிலேயே உறைந்தது, அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வீட்டில் அர்மண்ட் சூப்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே கரண்டியால் துழாவினான். கேட்டு முடித்த பிறகும் துழாவிக்கொண்டே இருந்தான்.

"ஒன்றரை மைல்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"மேல போயிட்டு வந்து என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்."

அவன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தான். அவளுக்கு ஒரு வாய்ப்புத்தான் மிச்சம். ஞாயிறு மழை. மற்ற நாளெல்லாம் வேலை. வெள்ளிக்கிழமை விடுப்புக் கிடைத்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பத்தாறுக்குக் குளிர்காலம் முடிகிறது. குர்ட்டுக்குப் போன் போட்டு, திருகு மூடி போட்ட அந்தப் பதினொரு அவுன்ஸ் பாட்டிலை எடுத்து வைக்கச் சொன்னாள். அவன் சிரிக்காமல் சரி என்றது பெரிய விஷயம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வேலைவிட்டு வந்தபோது சமையலறை மேசைமேல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அடுப்புச் சிவப்பு நிறம், தொடைத் தடிமன், மேலே வாளிக்குப் போடுகிற மாதிரி ஒரு பிடி.

"இது என்ன, கேஸ் சிலிண்டரா?"

"பாட்டில்தான்" என்றான் அர்மண்ட். காதுமடல் சிவந்திருந்தது. "அறுபத்துநாலு அவுன்ஸ் பிடிக்கும். திருகு மூடி, எப்படிக் கவுத்தாலும் ஒழுகாது, நான் வண்டில போட்டு உருட்டிப் பாத்துட்டேன். இதுல பாதின்னா முப்பத்திரண்டு. நீ தூக்கிட்டுப் போனதே மொத்தம் அவ்வளவுதான். பாதிக்கு வர்றதுக்குள்ள நீ உச்சில நிப்ப."

அவள் அதைத் தூக்கினாள். வெறும் பாட்டிலே இரண்டு பவுண்டு ஆறு அவுன்ஸ். தண்ணீர் நிரப்பினால் ஆறரைக்கு மேல். அவசரத்துக்கென்று அவள் தூக்கிப்போகிற படுக்கைப் பை, கோட்டு, சாப்பாடு மூன்றும் சேர்ந்துகூட அவ்வளவு வராது. வாய்வரை வந்த எடையைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

"இதுக்குப் பதிலா அந்தச் சத்தியத்தையே விட்டுக் கொடுத்திருக்கலாமே, அர்மண்ட்?"

"சத்தியம் இருக்கட்டும்" என்றான். "அது எனக்கு வேணும். நீயும் உச்சிக்குப் போகணும். ரெண்டுக்கும் சேத்துத்தான் இதை வாங்கினேன்."

மறுநாள் மத்தியானம் கிளாடெட் அஞ்சலகத்திலிருந்து குர்ட்டைக் கூப்பிட்டு, எடுத்து வைத்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்பே அவளும் நோரீனும் நெற்றி விளக்கோடு கிளம்பினார்கள். வழக்கமாகப் பையைக் கொக்கித் தராசில் மாட்டிப் பார்க்காமல் அவள் வாசற்படி தாண்டமாட்டாள். அன்றைக்குத் தராசு அலமாரியிலேயே கிடந்தது. நாலாவது மைலிலேயே இடது தோளில் பட்டை அறுக்க ஆரம்பித்தது. நிற்கிற இடத்திலெல்லாம் அந்தச் சிவப்பு உருளையை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள். தண்ணீரில் ஆவி பறந்தது. நோரீன் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"பிரஷ்ஷை அறுத்த மகராசி, இதைத் தூக்கிட்டு வர்றதை நான் யார்கிட்டச் சொன்னா நம்புவாங்க?"

"மூச்சை மிச்சம் பிடிச்சு நட."

சரிவில் பனி இறுகியிருந்தது. முழங்கால்கள் முணுமுணுப்பை விட்டுக் கத்தவே தொடங்கின. பத்து இருபத்தொன்பதுக்கு, நாலா பக்கமும் ஊசியிலை மரம் மறைக்க, ஒன்றுமே தெரியாத அந்த உச்சியில் கிளாடெட் நின்றாள். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. நோரீன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள், பனியில் சறுக்கி உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே அழுதாள். கிளாடெட்டுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மரத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

நாலு மணிக்குத்தான் வருவோம் என்று சொல்லியிருந்தாள். ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் அர்மண்ட் பன்னிரண்டுக்கே வந்து லாரியில் உட்கார்ந்திருந்தான். அவள் வந்ததும் முதலில் பையிலிருந்து பாட்டிலை உருவி, காதோரம் வைத்துக் குலுக்கினான்.

"உச்சில எவ்வளவு இருந்துச்சு?"

"மூணுல ரெண்டு பங்கு."

அவன் தலையாட்டினான். அப்புறம்தான் "ஏறினியா?" என்றான்.

"ஏறிட்டேன். பதினேழு நிமிஷம் பாக்கி வச்சு."

அர்மண்ட் கையுறையாலேயே மூக்கைத் துடைத்தான். அவளுடைய பையைக் கழற்றி லாரியில் வைத்தான். வைத்தபோது அதன் கனம் தெரிந்திருக்க வேண்டும், சட்டென்று திரும்பினான்.

"ரொம்பக் கனமா இருந்துச்சோ? அந்தக் குர்ட் பய வேற சிரிச்சான்."

நோரீன் வாயைத் திறந்தாள். கிளாடெட் கைத்தடியால் அவள் பூட்ஸை மிதித்தாற்போல் அழுத்தினாள். இருபத்தேழு வருடமாக அவள் யாருக்கும் அரை அவுன்ஸ் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

"கனமா? லேசாத்தான் இருந்துச்சு."

அர்மண்டின் முகம் மலர்ந்துவிட்டது. பாட்டிலை ஒரு கையால் தூக்கி, மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தான்.

"பின்ன? கடையில ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்துத்தான எடுத்தேன்" என்றான்.