கடல் செய்கிற ஆக்னஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் விளக்குகளைச் சோதிக்கும் சின்ன லேப் ஒன்றில் ஆக்னஸுக்குப் பதினோரு வருஷமாக ஒரே வேலை. கடல் செய்வது. ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்த அளவில் ஒரு பெட்டி. உள்ளே வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் பனிபோல இராப்பகலாக இறங்கிக்கொண்டிருக்கும். வாசல் விளக்குகளை மூன்று வாரம் அதற்குள் வைத்தால், கடலோரத்தில் எது தாங்கும், எது இளிக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். நிஜக் கடலை அவள் வேளாங்கண்ணிக்குப் போகும்போது பார்த்தால் உண்டு.

பளபளவென்று உள்ளே போன இரும்பு, மூடியைத் திறந்தால் சொறி பிடித்து நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அவள் வாய் தன்னால் "மாதாவே" என்னும். குழம்பில் போடுகிற அதே உப்புதானே என்று நினைக்க நினைக்க அவளுக்கு மலைப்பு தீராது.

மகள் ரியாவைக் கோவளத்தில் கட்டிக்கொடுத்தாள். வீட்டுக்கும் அலைக்கும் நடுவே நூறு கஜம்கூட இல்லை. மருமகன் ஜாபஸ் கேட் தூணில் மாட்டிய இரும்பு விளக்கு வருஷத்துக்குள் துருவேறி, ஒரு மழைநாளில் ஐந்து மாதக் கர்ப்பிணியான ரியாவுக்கு ஷாக்கடித்துக் கையை உதறித் தள்ளியது. நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜாபஸ் விளக்கைப் பிடுங்கி எறிந்தான். ரியா பொழுது சாய்ந்தால் கேட் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

"டப்பா மேல ஐபி சிக்ஸ்டி ஃபைவ்னு போட்டுகீதேம்மா" என்றாள் போனில்.

"அது தண்ணி, தூசி உள்ள பூராதுன்னு சொல்றதுடி. உப்பு இன்னா பண்ணும்னு அதுல எங்க கீது?"

ஆக்னஸ் நாலு தினுசு விளக்குகளை வாங்கிக்கொண்டு மேலாளர் தட்சிணாமூர்த்தி முன்னால் போய் நின்றாள்.

"சார், பொட்டில ஒரு மூலை காலியா கீது. எம்பொண்ணு ஊட்டு லைட்டு. வெச்சிக்கட்டா?"

"கஸ்டமர் பீஸ் மேல படாம வெச்சிக்குங்க ஆக்னஸ்மா."

அவள் நம்பியது யானை விலை சொன்ன கனத்த எஃகு விளக்கை. நாலாம் நாளே அதன் விளிம்பு பழுப்பேறியது. பெயின்ட் அடித்த அலுமினியம் பத்தாம் நாள் அம்மை போட்டதுபோலக் கொப்புளித்தது. மூன்றாவதன் கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கியது. மிஞ்சியது, கடைக்காரரே "சுமார்தான்" என்று ஒதுக்கிய சாம்பல்நிறக் கெட்டிப் பிளாஸ்டிக் விளக்கு. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது யார் காது கொடுத்துக் கேட்டது? ஆனால் அந்தப் பிளாஸ்டிக் விளக்கிலும் நாலு ஸ்க்ரூ துருவாய் உதிர்ந்தது.

கடலோரத்துக்கென்றே விற்கிற உயர்ரக எஃகு ஸ்க்ரூவைப் போட்டு இன்னும் மூன்று வாரம் வைத்தாள். திறந்தபோது விளக்கு உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. துடைத்துவிட்டுத் திருகினாள். ஸ்க்ரூ துளித் துரு இல்லாமல் லேசாகச் சுழன்று கையோடு வந்தது. ஆக்னஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும், அதே மாதிரியில் புதிது ஒன்றை அதே எஃகு ஸ்க்ரூ போட்டு எடுத்துக்கொண்டு கோவளம் போனாள். எலக்ட்ரீசியன் பாண்டியன் அதைக் கேட் தூணில் மாட்டி, புதிதாக எர்த் இழுத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச் வைத்து, டெஸ்டரால் பார்த்து, "சரியா கீதுக்கா" என்றான்.

ஆக்னஸ் திரும்பினாள். எதிரே கடல். மூடி இல்லாத, நிறுத்தும் பொத்தான் இல்லாத கடல். காற்று உதட்டில் கரித்தது. இதையா நாம் ஒரு பெட்டிக்குள் செய்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, உடம்பு சிலிர்த்தது. இதன் முன்னால் எந்த விளக்குதான் என்றைக்கும் நிற்கும்?

"வருசா வருசம் கழட்டிப் பாக்கணும். நானே வருவேன்" என்றாள் ஜாபஸிடம்.

ரியா நாலடி தள்ளியே நின்றாள், வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு.

"ஒண்ணும் ஆவாதாம்மா?"

ஆக்னஸ் குழாயில் இரண்டு கையையும் நனைத்தாள். செருப்பைக் கழற்றினாள். எரிகிற விளக்கை ஈரக் கையால் முழுசாகப் பொத்திப் பிடித்தாள். பதினோரு வருஷத்தில் எதையும் அவள் இப்படிச் சோதித்ததில்லை.

"வாடி" என்றாள். "கிட்ட வா."