வட்டம் போடாமல் தோண்டிய கிழங்கு

அந்தக் கிழங்கைத் தோண்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை.

நோர்வேயில், ஒஸ்லோவின் புருசெத் பகுதியில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. கண்ணாடி போட்ட பல்கனியில் இரண்டு பெரிய தொட்டிகளில் கார்த்திகைப்பூ, அதாவது காந்தள், வளர்த்தேன். ஆசைப்பட்டவள் என் மனைவி. அவளுடைய தம்பி போரில் இறந்தவன். வருடாவருடம், போரில் இறந்தவர்களை நினைக்கும் நவம்பரில், அவன் படத்துக்கு முன்னால் கடதாசியில் செய்த கார்த்திகைப்பூவை வைத்து விளக்கேற்றுவாள். ஒருதரமாவது உண்மையான பூ வைக்க வேண்டும் என்று சொன்னாள். நான் இணையத்தில் கிழங்கு வாங்கி நட்டேன். ஓகஸ்டில் பூத்தது. அவள் தொட்டியடியிலேயே நின்று அழுதாள். நவம்பர் வரை அது நிற்காது என்று எனக்குத் தெரிந்திருந்தும் அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அவள் கொழும்பில் வளர்ந்தவள். அந்தப் பூவைப் படங்களில்தான் கண்டிருக்கிறாள். மண்ணுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரியும் என்றால் சும்மா இல்லை. நான் பள்ளிக்கூடமொன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் பழைய கிரேக்கரும் ரோமரும் செடிகொடிகளை வைத்துச் செய்த மாந்திரீகத்தோடு போகிறது. நூலகங்களில் கூப்பிட்டால் போய்ப் பேசுவேன். கூப்பிடாவிட்டாலும் பேசுவேன் என்று நண்பர்கள் நக்கலடிப்பார்கள்.

அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் மருந்துக்கும் நஞ்சுக்கும் வேர் தோண்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கட்டுப்பாடுகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு வேரைச் சுற்றி வாளால் மூன்று வட்டம் கீறி, மேற்கைப் பார்த்து நின்று வெட்ட வேண்டும். கூட வந்தவன் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டு காதல் கதை கதைக்க வேண்டும். இன்னொரு வேரைத் தோண்டும்போது கழுகு பக்கத்தில் வந்தால் தோண்டியவன் அந்த வருடமே சாவான். நம்முடைய வைத்தியர்கள் மட்டும் என்ன? செடிக்குக் காப்புக் கட்டி, அதன் சாபம் நீங்க மந்திரம் சொல்லித்தானே தோண்டினார்கள். இதையெல்லாம் நான் மேடையில் நடித்தே காட்டுவேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிரிப்பு அடங்கியதும் கடைசிக் கதையை எடுப்பேன். கருங்கடலின் கிழக்குக் கரையில் கொல்கிஸ் என்றொரு நாடு. நஞ்சுச் செடிகளும் சூனியக்காரிகளும் நிறைந்த இடமென்று கிரேக்கர் அதற்குப் பயந்தார்கள். ஐரோப்பாவில் இலை உதிரும் காலத்தில் பூக்கிற ஓர் ஊதாப் பூவுக்கும் அதன் நஞ்சுக்கும் அந்த நாட்டின் பெயரால்தான் பெயர் வந்தது. அதே நஞ்சு எங்கள் கார்த்திகைக் கிழங்கிலும் இருக்கிறது. இந்த இடத்தில் மண்டபம் அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒக்டோபரில் கொடி காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவி வேலைக்குப் போயிருந்தபோது, பழைய கரண்டி ஒன்றால் கிழங்குகளைத் தோண்டினேன். விரல் தடிப்பில், இரண்டாகக் கவர்த்த வெளிறிய கிழங்குகள். வெளிக்கம்பியில் ஒரு காகம் வந்து குந்தியது. கழுகு இல்லை, தப்பினேன் என்று தனியே சிரித்துக்கொண்டேன்.

குளிர்காலம் முழுக்க அவற்றை ஈரமில்லாமல் வைக்க வேண்டும். அந்தக் கிழமைதான் ஊருக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் ஒடியல், காயவைத்த பனங்கிழங்கு, தந்திருந்தார். ஊரிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுப்பது இங்கே வழக்கம். எல்லாம் யாழ்ப்பாணத்துப் பேப்பரில் சுற்றி, யாழ்ப்பாணத்துத் துணிக்கடைப் பையில்தான் வரும். ஒடியல் தீர்ந்து பேப்பரும் பையும் மேசையில் கிடந்தன. கிழங்குகளை அந்தப் பேப்பரில் சுற்றி, அந்தப் பையில் போட்டு, கீழே சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு துண்டுக் கடதாசியில் நஞ்சு என்று எழுதி ஒட்ட ஒரு நிமிடம்கூடச் சென்றிருக்காது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் பேசக் கூப்பிட்டார்கள். காலை விமானத்தில் போனேன். நாற்பது பேர்வரை வந்திருந்தார்கள். வட்டம் கீறினேன், ஆடினேன், கொல்கிஸ் கதையைச் சொல்லி மண்டபத்தை அமைதியாக்கினேன். முடிந்து கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது மனைவி தொலைபேசியில் வந்தாள். நல்ல சந்தோசத்தில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, கள்ளன் நீங்கள். ஊர்க்கிழங்கு வந்ததை எனக்குச் சொல்லாமல் கீழை ஒளிச்சு வைச்சிருக்கிறியள். அரிசி எடுக்கப் போன இடத்திலை கண்டனான். தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைச்சிட்டன்."

"எந்தக் கிழங்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும்.

"சின்னச் சின்னனாய், கவர்க் கிழங்கு. என்ன வள்ளியோ தெரியேல்லை. சரியான கைப்பு."

"சாப்பிட்டனீரோ?"

"ரெண்டு மூண்டு துண்டு. கைக்குதெண்டு மிச்சத்தை வைச்சிட்டன். உங்களுக்கு வேணுமெண்டால் வந்து சாப்பிடுங்கோ."

"எப்ப சாப்பிட்டனீர்?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும். ஏன், என்ன?"

தனக்கு உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாள். குரலிலும் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த நஞ்சு ஆறுதலாக, சில மணித்தியாலம் கழித்துத்தான் வேலையைத் தொடங்கும் என்று அரை மணிக்கு முன்புதான் நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தேன். அது கார்த்திகைப்பூவின் கிழங்கு, நஞ்சு, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு இரும் என்று சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டு அவசர எண்ணுக்கு அடித்தேன்.

பின்னேர விமானத்தில் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அடுத்த நாள் திடீரென்று தெளிந்தாள். எழும்பி இருந்து தேத்தண்ணீர் கேட்டாள். நான் கும்பிடாத தெய்வங்களையெல்லாம் கும்பிட்டேன். வைத்தியர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தெளிவை நம்ப வேண்டாம், இனித்தான் இரத்தத்திலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் கைவைக்கும், தருவதற்கு மாற்று மருந்து எங்களிடம் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும் என்றார். மூன்றாம் நாள் அவர் சொன்னபடியே நடந்தது. அவளுடைய படுக்கையைச் சுற்றி இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவள் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் காவல்துறையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஒருத்தி என் புத்தக அலுமாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அலுமாரி முழுக்க நஞ்சும் சூனியமும். ரோமில் நஞ்சு வைத்தவனையும் சூனியம் செய்தவனையும் ஒரே சட்டத்தில்தான் விசாரித்தார்கள் என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"இது நஞ்சு என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்கள் மனைவிக்கு?"

தெரியாது என்றேன். வந்தவள் அதைக் குறித்துக்கொண்டாள். நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று அவர்களுக்குப் பிறகு திருப்தியாகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி வீட்டைவிட்டுப் போகவில்லை. வட்டம் கீறியவர்களும் ஆடியவர்களும் மடையர்கள் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட அந்த ஆட்டத்தைக் கண்டால் அந்த வேரில் கைவைக்காது. அவர்கள் பயத்தை ஊருக்கே காட்டித் தோண்டினார்கள். நான் கெட்டித்தனத்தோடு, தனியாக, கரண்டியால் தோண்டினேன்.

பத்தாம் நாளளவில் ஆபத்துக் கடந்துவிட்டது என்றார்கள். அவளுடைய தலைமயிர் கொத்துக் கொத்தாகத் தலையணையில் கொட்டியது. அதுவும் இந்த நஞ்சின் வேலைதான். நான் பக்கத்தில் இருந்து பொறுக்கி எடுத்தேன். அவள் என் கையைப் பார்த்துக் கேட்டாள்.

"துரொண்ட்ஹெய்மிலை இதைப் பற்றித்தானே கதைச்சனீங்கள்?"

"ஓம்."

"அவையளுக்கெல்லாம் சொன்னனீங்கள். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீர் கேட்டிருந்தால்..." என்று தொடங்கினேன்.

"கேட்டனான். சாப்பிடேக்கையும் புத்தகத்தோடை இருப்பியள். என்ன வாசிக்கிறியள் எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன். உமக்கு விளங்காது எண்டுதானே ஒவ்வொருக்காலும் சொன்னனீங்கள்."

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள். உதடுகள் வெடித்துப்போய் இருந்தன. நான் எழும்பி மேசையிலிருந்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி நீட்டினேன். அவள் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வையுங்கோ," என்றாள். "நேர்ஸ் வரட்டும்."