பெரிய வியாழனில் கேட்ட சாவி

எங்கள் சபையில் பெரிய வியாழன் அன்று பாஸ்டர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். ஆண்டவர் தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துச் செய்கிற வழக்கம். அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் கமிட்டிக்காரர்கள்தான். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, புது சாக்ஸ் மாட்டிக்கொண்டு வருவார்கள். கழுவ வேண்டிய அவசியமே இல்லாத கால்களைத்தான் எங்கள் பாஸ்டர்கள் வருஷா வருஷம் பயபக்தியோடு கழுவி வந்தார்கள்.

போன வருஷம் வந்த பாஸ்டருக்குச் சின்ன வயசு. சமூக நீதியைப் பற்றித் திருப்பதியில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், இந்த முறை நம் ஊர்த் தெருக்களைப் பெருக்குகிற பெண்களின் கால்களைக் கழுவப்போகிறேன் என்றார். கமிட்டி குதிக்கும் என்று நினைத்தேன். நானும் அதில் ஓர் உறுப்பினர், பெண்கள் சங்கத்தின் சார்பில். பெரும்பாலும் டீ சொல்லி அனுப்புவதற்கு. ஆனால் எல்லாரும் கைதட்டினார்கள். பொருளாளர் ஐயாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சர்க்கரை நோயாளி, சீக்கிரம் கலங்குகிறவர். போட்டோ எடுக்க நல்ல ஆளாகப் பார்த்து வைக்கவேண்டும் என்று முதலில் சொன்னவரும் அவரே.

அந்தப் பெண்களை எனக்குத் தெரியும். சபைக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுச் சற்று உட்கார என் கடைப் படிக்குத்தான் வருவார்கள். காலனியில் அவர்களுக்குத் தனியாக ஒரு ஜெபக் கொட்டகை உண்டு. அவர்கள் கும்பிடுவதும் இதே ஆண்டவரைத்தான். அது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

அவர்களில் ஓர் அம்மா, என் வயசுக்காரர், தண்ணீரே குடிக்கமாட்டார். விடிவதற்கு முன்னால் வேலைக்கு வந்தால் மதியம் வரை தெருதான், ஒதுங்க இடம் கிடையாது. நீர்க்கடுப்பு வந்து, குளிர்காய்ச்சல் வந்து, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தார். கிட்னி வரைக்கும் கிருமி ஏறிவிட்டது, நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் அடுத்த முறை தாங்காது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகும் நான் பாட்டிலை நீட்டினால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவார்.

"குடிச்சா எங்க போறதுமா? ஆம்பளைங்க செவுத்துப் பக்கம் திரும்பிக்கினு நின்னுடறாங்க. நாங்க?"

என் கடைக்கும் கழிப்பறை இல்லை. நான் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய் வருவேன். வாங்க, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால், "தெருவ வுட்டு நகந்தா மேஸ்திரி ஆப்சென்ட் போட்டுடுவான்மா" என்பார். எதிரே சபை வளாகத்தில் டைல்ஸ் ஒட்டிய நல்ல கழிப்பறை பூட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார்கள். சாவி பொருளாளர் ஐயாவின் சட்டைப் பையில்.

கமிட்டியில் கேட்டுப் பார்த்தேன். "அதி காது மேடம், செப்டிக் டேங்க் சின்னது" என்றார் பொருளாளர் ஐயா. தெலுங்கில் ஆரம்பித்தால் மறுக்கப்போகிறார் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை சபை மொத்தத்தையும் தாங்குகிற டேங்க், வார நாளில் நாலு பெண்களைத் தாங்காதாம். வந்த கோபத்துக்கு அவர் டீயில் சர்க்கரையை அள்ளிப் போடச் சொல்லியிருப்பேன். பாவம், வயசானவர் என்று விட்டுவிட்டேன். நடந்ததை அந்த அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

பெரிய வியாழனும் வந்தது. அந்தப் பெண்கள் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் பெண்கள் சங்கத்துக்குத் திடீரென்று ஒரு கவலை. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் கறுத்துப்போனால் போட்டோவில் நன்றாகவா இருக்கும்? உடனே அவர்களை வெளியே குழாயடிக்கு அழைத்துப்போய், ஆளுக்கொரு சோப்புக் கொடுத்துக் காலைத் தேய்க்கச் சொன்னார்கள். கழுவுவதற்கு முன்பே கழுவிவிடுவது எங்கள் சபையின் சம்பிரதாயம். அதில் மட்டும் நாங்கள் பாகுபாடு பார்க்கவில்லை.

குழாய்க்குப் பக்கத்திலேயே கழிப்பறை. அன்று ஞாயிறு இல்லையே, பூட்டியிருந்தது. அந்த அம்மா சோப்பும் கையுமாகப் பூட்டைப் பார்த்தார்.

"இதானாமா அது?"

"இதேதான்" என்றேன். அந்த அம்மா குனிந்து காலைத் தேய்த்தார்.

உள்ளே ஆராதனையில் அவர் முறை வந்தது. பாஸ்டர் இடுப்பில் துண்டோடு முழங்காலில் இருந்தார். செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன. அந்த அம்மா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பாஸ்டர் சட்டையில் மைக் செருகியிருந்ததால், அந்த அம்மா சொன்னது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"கால இப்பதான் கழுவிக்கினு வந்தேன் சாமி. சுத்தமாத்தான் கீது. அந்த லெட்ரின் சாவிய குடுங்க. நான் தண்ணி குடிக்கணும்."

யாரோ அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். கூடப் பாட ஆள் இல்லாமல் முதல் வரியிலேயே நின்றுபோனது. பாஸ்டருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. எழுந்திருக்காமலே பொருளாளர் ஐயா பக்கம் ஈரக் கையை நீட்டினார்.

"வீட்ல வெச்சிட்டேனே பாஸ்டர்" என்றார் அவர்.

"போய் எடுத்துக்கினு வாங்க ஐயா. அதுவரைக்கும் நான் முழங்கால்லயே இருக்கேன்."

சாவி உடனே கிடைத்துவிட்டது, அதே சட்டைப் பையில். பாஸ்டர் அதை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அவர் காலை நீட்டினார். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள், ஆண்டவர் தொட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து தினமும் கழிப்பறை திறந்திருக்கிறது. அந்தப் பெண்களே கழுவிப் பூட்டுகிறார்கள். காலை வெயில் ஏறும்போது அந்த அம்மா என் கடைப் படியில் அண்ணாந்து பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். எங்கள் சபையார்தான் அங்கே போவதை நிறுத்திவிட்டார்கள். போகாதே என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. "வீட்லயே போய்ட்டு வந்துட்டேன்" என்று கேட்காமலே சொன்னார்கள். பிள்ளைகளைக் கிள்ளி உட்காரவைத்தார்கள். ஆராதனை நடக்கும்போது அடக்கிக்கொண்டு உட்காருவது இப்போது நாங்கள்.

திருவிருந்து ஆராதனை நடந்த ஒரு ஞாயிறு. அன்று எல்லாமே நீளம். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது பொருளாளர் ஐயா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து பக்கவாசல் வழியாகப் போனார். நான் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. முதலில் வீட்டுக்குப் போகக் கேட்டை நோக்கி நடந்தார். பாதியில் நின்றார். வீடுவரை தாங்காது என்று உடம்பு சொல்லியிருக்க வேண்டும், வேட்டியைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குத் திரும்பினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

"ஆளு கீது, இருங்க!"

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் எங்கள் பொருளாளர் ஐயா காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். துடைப்பத்தோடு இன்னொரு பெண் வந்து அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். கதவு திறந்தது. அந்த அம்மா, "தண்ணி ஊத்திட்டேன், போங்க நைனா" என்று வழிவிட்டார். ஐயா பாய்ந்து உள்ளே போனார். அந்த அம்மா குழாயடியில் கை கழுவி, இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பொருளாளர் ஐயா திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, "ஆமென்" என்றார். பாஸ்டர் அப்போது ஜெபம்கூடச் செய்துகொண்டிருக்கவில்லை. ஆனால் எங்கள் சபையில் இத்தனை மனசாரச் சொன்ன ஓர் ஆமெனை நான் அதுவரை கேட்டதில்லை.